மேற்பூச்சு

நம் மொழியில் ‘மேற்பூச்சு’ என்னுஞ் சொல் நல்ல பொருளில் வழங்குவதில்லை. மனத்தில் இல்லாத அன்பை முகத்திற் காட்டுவான் ஒருவனது பேச்சை மேற்பூச்சென்று இகழ்கின்றோம். ஆழ்ந்து படியாத கல்விக்கும் அதுவே பெயர். யானும் ஈராண்டுகட்கு முன்வரை அச்சொல்லை அப்பொருளிலேயே ஆண்டுவந்தேன். கடலூரில் எங்கள் குடும்பத்தார் ஒரு புதுவீடு கட்டி, அதன் பூச்சு வேலையிலே பிழைபட்டு, கையிருந்த பொருளையும் ஓராண்டுக் காலத்தையும் செலவிட்டு அதனைத் திருத்த நேர்ந்தபின்னரே, சுவருக்கு மேற்பூச்சு என்பது உடம்புக்குத் தோல் போன்றதென்று கண்டுகொண்டேன். தோலுரிந்த உடம்பை அழகு குறைந்த உடம்பென்று யாரும் கூறார். நோயுற்ற உடம்பென்றே கூறுவர். இவ்வகையில் யான் அறிந்த சிலவற்றை ஈண்டு எழுதத் துணிகின்றேன். தமிழ் பயிலும் மாணவன் கொத்தர் தொழிலைப்பற்றி எழுதுவானேன் என வினவும் நண்பர்கள் சற்றே பொறுத்து வாசிப்பாராக.

வீடு கட்டுவோர் பேச்சில் ஒரு வாக்கியம் அடிக்கடி வரும். சுவரெழுந்து, மேல்தளம் வார்த்து, முட்டுக்கழிகளைப் பிரித்தவுடன், ‘வீடு முடிந்துவிட்டது; பூச்சு வேலைதான் பாக்கி’ என்பர். முடிந்துவிட்டதற்குப் பாக்கி ஏது? உண்மையில் அந்நிலையிற் செலவிலும் உழைப்பிலும் ஏறக்குறையப் பாதி இன்னும் எதிரே நிற்கும். மின்கம்பிக் குழாய்க்குச் சுவரிற் காடி எடுத்தல், தண்ணீர்க் குழாய் பதித்தல், கதவு நிலைக்கும் சுவருக்கும் இடையேயுள்ள சந்துகளை அடைத்தல், மேல்தளத்தின் அடிப்புறம் பூசுதல், அதன்பின் சுவர் பூசுதல், தளம் போடுதல், கதவு மாட்டுதல், வண்ணம் அடித்தல் என்று வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாய் வரும். இவ்வரிசை பிறழ்ந்தால், பூசிய சுவரை மறுபடி வெட்டவும், போட்ட தளத்திற் சாந்து சிந்தவும் நேரிடும். அறியாதார் இவையனைத்தையும் அலங்காரம் என்று எண்ணுகின்றனர். கையிற் பணம் குறையுங்கால் முதலில் நிறுத்தப்படுவதும் இவையே.

இதனைக் காண வேண்டுவோர் கடலூரிலிருந்து சிதம்பரத்திற்குப் பேருந்திற் செல்வாராக. ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி. முட்லூர் ஆகிய ஊர்களைக் கடந்து வெள்ளாற்றுப் பாலம் ஏறுமுன்னர், இருமருங்கும் செங்கல் சிவந்து தோன்றப் பூசாது விட்ட வீடுகள் பல கண்ணிற்படும். உள்ளே விளக்கெரியும், வாசலிற் கோலம் இருக்கும், புறச்சுவர் மட்டும் வெறுங்கல்லாய் நிற்கும். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் வந்த ஆழிப்பேரலையும், 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரைகடந்த ‘தானே’ புயலும் இக்கரையிற் பல்லாயிரம் குடிசைகளை அழித்தன. அதன்பின் கூரைவீட்டை விட்டுக் கல்வீட்டிற்கு மாறவேண்டுமென்னும் எண்ணம் ஏழைகட்கும் உறுதியாயிற்று. ஆயின், அடித்தளத்திற்கும் மேல்தளத்திற்குமே கடன்பணம் தீர்ந்துபோதலால், பூச்சு அடுத்த ஆண்டிற்கென்று ஒதுக்கப்படுகின்றது. அந்த அடுத்த ஆண்டு பலருக்கு வருவதேயில்லை. செங்கல் நீர் குடிக்கும் பொருள். ஒருநாள் முழுதும் நீரில் ஊறவைத்தால், சாதாரணச் செங்கல் தன் எடையில் 100-க்கு 20 பங்குவரை நீரேற்கலாம் என்று இந்தியத் தரவிதிகளே இடந்தருகின்றன. ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கடற்காற்றோடு சாய்ந்து அடிக்குங்கால், அவ்வீடுகளின் கீழ்ப்புறச் சுவர் உட்பக்கமும் ஈரங்கசிந்து நிற்றலை யான் தொட்டுப் பார்த்திருக்கின்றேன். பூச்சு அவர்கட்கு அலங்காரமன்று.

இனி எங்கள் வீட்டுக்கு வருவேன். எங்கள் மனை கடலூர் முதுநகரை அடுத்து, உப்பனாற்றிற்குக் கூப்பிடு தூரத்தில் உள்ளது. தந்தையார் ஆரம்பப் பாடசாலை ஆசிரியர். வருங்கால வைப்பு நிதியிலிருந்து பணம் பெற்று, மீதிக்கு வங்கியிற் கடனுற்று அவர் இவ்வீட்டைத் தொடங்கினார். தமக்கையாரின் திருமணம் தைத்திங்களில் என்று உறுதியாகியிருந்தது. புதுவீட்டிலேயே மணப்பெண்ணை அனுப்பிவைக்க வேண்டுமென்பது அவர் விருப்பம். ஆவணியில் மேல்தளம் வார்க்கப்பட்டது. ஐப்பசித் தொடக்கத்திற் பூச்சு முடிந்தது. வேலையை மேற்பார்த்தவர் சிதம்பரத்துப் பக்கத்தைச் சேர்ந்த முதிய கொத்தனார் ஒருவர். எழுத்தறியாதவர், ஆனால் தூக்குக்குண்டும் ரசமட்டமும் கூறுவதற்கு முன்னரே சுவரின் சாய்வைக் கண்ணாற் கூறிவிடுவார்.

எங்கள் மனையில் இறக்கிய ஆழ்துளைக் கிணற்று நீர் உவர்ப்பாயிருந்தது. கொத்தனார் முதல் நாளே அதனை ஒருவாய் பருகிக் கீழே துப்பிவிட்டு, “வாத்தியாரையா, குடிக்கிற தண்ணீர்தான் கலவைக்கும் ஆகும். இதை மாட்டுக்குக்கூட வைக்க முடியாது” என்றார். தந்தையார் அதற்கிணங்கிக் கலவை குழைக்க நல்ல நீரை வண்டியில் வருவித்தார். ஆனால் பூசிய சுவரை நாள்தோறும் நனைப்பதற்கும் அந்நீரை விலைகொடுத்து வாங்குவது கட்டாதென்று, நனைப்புக்கு மட்டும் கிணற்று நீரைப் பாய்ச்சும்படி ஏவினார். ‘நனைப்பதற்குத்தானே’ என்பது அன்று எல்லோர் வாயிலும் இருந்த சொல். ஒவ்வொரு நாளும் சுவர் அவ்வுப்புநீரைக் குடித்தது.

பூச்சு முடிந்து மூன்று கிழமைக்குள் வண்ணம் அடிப்போர் வந்தனர். மழையோ விடவில்லை. “ஒரு கோடை போகட்டும், ஐயா. இப்போது வெள்ளை மட்டும் அடித்து வையுங்கள்” என்று கொத்தனார் மன்றாடினார். “கோடைவரை கலியாணம் காத்திருக்குமா, மேஸ்திரி?” என்று தந்தையார் கேட்டார். அதற்கு அவர் விடை கூறவில்லை. சுவர்களுக்குப் பட்டி பார்த்து, நெகிழிப்பசை கலந்த பளபளப்பான வண்ணம் இருமுறை பூசப்பட்டது. தையில் திருமணம் நிகழ்ந்தது. வந்தவர் அனைவரும் சுவரைத் தடவிப் பார்த்து, பாலாற் கழுவியதுபோல் இருக்கிறதென்று வியந்தனர்.

மாசித் திங்களில் கீழ்ப்புற அறையின் சுவரில், தரைக்கு மேல் ஒருமுழ உயரத்தில், சிறு கொப்புளங்கள் எழுந்தன. பங்குனியில் அவை அப்பளம்போல் உப்பி உடைந்தன. உடைந்த இடத்தில் வெண்பஞ்சு போன்ற ஒன்று மயிர்மயிராய் வளர்ந்திருந்தது. தந்தையார் அதனை விரலால் எடுத்து நாவில் வைத்துப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் வெகுநேரம் அங்கேயே நின்றார். வங்கிக்கு முதல் தவணை கட்டிய மாதம் அது.

இந்நோயைச் சுவரில் உப்புப் பூத்தல் என்பர். இதன் காரணம் எளிது. சுவரினுள் நிற்கும் நீர் அங்குள்ள உப்பைக் கரைத்துக்கொண்டு, உலர்வதற்காகப் புறத்தை நோக்கி வரும். புறத்தில் நீர் ஆவியாய்ப் போய்விட, உப்பு மட்டும் பளிங்காய் உறைந்து நிற்கும். சுவரின் மேற்புறம் திறந்திருந்தால் அவ்வுப்பு வெளியே பூத்துத் துடைப்பத்திற்கு அகப்படும். நீர்புகா வண்ணத்தால் மேற்புறத்தை மூடிவிட்டாலோ, பளிங்கு வண்ணத்தின் பின்னே வளர்ந்து அதனை உள்ளிருந்து தள்ளும். மேலும், உப்பு காற்றின் ஈரத்தைத் தானே இழுப்பதாகலின், கடலூர்போன்ற ஊரில் ஒருமுறை உப்பேறிய சுவர் மழையில்லா நாளிலும் வியர்க்கும். கட்டுதற்குக் கடல் மணலைச் சேர்த்தவர்களுக்கும் இதே கதிதான். அவர்களுக்குக் கூடுதலாகக் கம்பியும் துருப்பிடிக்கும்.

இவ்வாறிருக்க, சிதம்பரத்தில் என் தாய்வழிப் பாட்டியார் வாழும் வீடு எண்பது ஆண்டு கடந்தது. அதன் கூடத்துச் சுவர் இன்றும் முகம் தெரியுமளவு மெருகோடு நிற்கின்றது. சித்திரை வெயிலிற் கன்னத்தை வைத்தால் குளிரும். எங்கள் வீட்டுத் துன்பத்தைக் கூறியபோது பாட்டியார், “உங்கள் சுவருக்கு மூச்சு முட்டுகிறதடா” என்றார். அப்பொழுது அதனை முதியோர் பேச்சென்று எண்ணிச் சிரித்தேன். பின்னர் நூல்களைப் படித்தும் கொத்தனாரைக் கேட்டும் அறிந்தபோது, அவர் கூறியது நேர்ப்பொருளிலேயே உண்மையெனக் கண்டேன்.

சுண்ணாம்புக் கல்லாயினும் கிளிஞ்சலாயினும் அதனைச் சூளையிலிட்டு ஏறக்குறைய 900 பாகை சென்டிகிரேடு வெப்பத்திற் சுட்டால், அதனுள் அடங்கிய கரியமிலவாயு வெளியேறும். தூய சுண்ணாம்புக்கல் 100 பங்கில் 44 பங்கு இவ்வாறு வாயுவாய்ப் பறந்துபோக, 56 பங்கே சூளையில் எஞ்சும். அதன்மேல் நீர் விட்டால் கொதித்துப் பொடியும். இதனையே நீற்றுதல் என்கின்றோம். அச்சுண்ணாம்பை மணலோடு அரைத்துச் சுவரிற் பூசினால், அது வெறுமனே உலர்வதோடு நில்லாது, சூளையில் இழந்த அதே வாயுவைக் காற்றினின்றும் சிறிது சிறிதாக மீட்டுக்கொண்டு மறுபடியும் கல்லாகின்றது. இவ்வேலை நாட்கணக்கில் முடிவதன்று. பூச்சின் கனத்துக்கேற்ப மாதங்களும் ஆண்டுகளும் செல்லும். அவ்வளவுக்கும் அதன் நுண்துளைகள் திறந்தே நிற்பதால், உள்ளே புகுந்த ஈரம் வந்த வழியே வெளியேறிவிடும். பாட்டியார் மூச்சென்றது இதனைத்தான்.

நம் பகுதியார்க்குச் சுண்ணாம்பு தேடித் தொலைவு செல்லவேண்டியதில்லை. பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு கடலொடு கலக்கும் முகத்துவாரமும், கிள்ளை, பிச்சாவரத்துக் கழிகளும் கிளிஞ்சல் விளையும் இடங்கள். கிளிஞ்சற் சுண்ணாம்பே மெருகுப் பூச்சிற்குச் சிறந்ததென்பது பழைய கொத்தர் துணிபு. அதனை நீற்றிப் பலநாள் நீரிலேயே ஊறவைத்து, வட்டத் தொட்டியில் மாடு பூட்டிய கல்லுருளையைச் சுற்றவிட்டு வெண்ணெய்போல் அரைப்பர். வெல்லநீர் கலவையை இளக்கிக் கைக்கு இணங்கச் செய்யும். கடுக்காய் ஊறிய நீர் துவர்ப்பேற்றி இறுகச் செய்யும். கடைசிப் பூச்சில் முட்டையின் வெண்கரு சேர்ந்து மெருகு தரும். ஒன்றன்மேல் ஒன்றாய்ப் பல பூச்சுக்கள் பூசி, ஈரம் முற்றும் காயுமுன் வழவழப்பான கூழாங்கல்லால் தேய்ப்பர். செட்டிநாட்டு மாளிகைகளிற் புகழ்பெற்றது இம்முறையே. பாட்டியார் வீடு மாளிகையன்று; ஆயினும் கூடத்துக்கு மட்டும் அவ்வேலையைச் செய்வித்து, மற்றை அறைகளுக்கு வெள்ளையடித்து விட்டிருக்கின்றனர். கையிலுள்ள பொருளுக்குள் எங்கே செலவிடுவதென்று அறிந்தவர்கள்.

இவ்விடத்திற் சொல்லாராய்ச்சி ஒன்றுக்குத் தமிழ் மாணவனாகிய எனக்கு இடந்தரல் வேண்டும். சுண்ணச் சாந்தைச் ‘சுதை’ என்று நம் முன்னோர் வழங்கினர். அச்சொல்லே அமுதத்துக்கும் பெயர். ‘சாந்து’ என்பதோ சுவருக்குப் பூசுவதையும் மார்பிற் பூசும் சந்தனத்தையும் ஒருங்கே குறிக்கும். நக்கீரர் பாடிய நெடுநல்வாடையில், அரண்மனை ஒன்றினைக் கயிறிட்டு வகுப்பதுமுதல் வருணிக்குமிடத்துச் சுவரிற் சுதை பூசிய செய்தியும், வாயில் நிலையில் நெய்யும் வெண்கடுகும் அப்பிய செய்தியும் வருகின்றன. முடிப்பு வேலையை இழிவாக எண்ணிய மக்கள் அமுதத்தின் பெயரை அதற்கு இட்டிருப்பார்களா? ‘மேற்பூச்சு’ என்பது வசையானது எப்போது என்று ஆராய்வது ஹானர்ஸ் வகுப்பு நண்பர் யாரேனும் மேற்கொள்ளத்தக்கதொரு வேலை.

இவ்வளவு கூறியதால் சிமெண்டை யான் பழிக்கின்றேன் என்று கொள்ளற்க. 1824-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் என்பார் போர்ட்லாந்து சிமெண்டுக்கு உரிமை பெற்றார். 1904-ல் சென்னையிற் கடற்சிப்பியைக் கொண்டு அதனைச் செய்ய முயன்றதே இந்நாட்டில் அத்தொழிலின் தொடக்கம் என்பர், அம்முயற்சி நிலைபெறவில்லை. 1914-ல் போர்பந்தரிலும், நம் நாட்டுப் பக்கத்தில் 1939-ல் டால்மியாபுரத்திலும் ஆலைகள் எழுந்தன. மணிக்கு 120 முதல் 140 கிலோமீட்டர் விரைவில் வீசிய ‘தானே’ புயலுக்கு நின்று பிடித்தவை சிமெண்டு வீடுகளே. பிழை சிமெண்டில் இல்லை. அதன் இயல்பறியாமையில் உள்ளது. சுண்ணாம்பு காற்றைக் கேட்கும். சிமெண்டு நீரைக் கேட்கும். சிமெண்டு இறுகுவது நீரோடு கூடியேயாதலின், பூசியபின் ஏழு நாட்களேனும் அதனை உலரவிடாது நனைக்கவேண்டும். அந்நனைப்பு நல்ல நீராய் இருக்கவேண்டும். அதன்பின் அவ்வளவு நீரும் வெளியேற அதற்கு நெடுநாள் விடுமுறை தரவேண்டும். நாங்கள் முதலாவதைச் செய்தோம், மற்றிரண்டையும் செய்யவில்லை. செங்கற் சுவரும் கான்கிரீட்டுத் தூணும் சந்திக்கும் மூட்டில் கோழிவலையை அடித்துப் பூசவேண்டுமென்பதும் இவ்வாறே. இல்லையேல், இரண்டும் வெயிலில் வெவ்வேறளவு விரிந்து சுருங்குதலால் அம்மூட்டில் நெடுங்கோடாய் வெடிக்கும். நல்வினைப்பயனால் இதை மட்டும் கொத்தனார் எங்களைக் கேளாமலே செய்துவிட்டார்.

மற்றைய வேலைகளைப்பற்றிச் சுருங்கக் கூறுவேன். ஜன்னலுக்கு மேலுள்ள சன்ஷேடின் அடிப்புறத்தில், வெளி விளிம்பை ஒட்டி விரலகலக் காடி ஒன்று இழுத்துவிட வேண்டும். மழைநீர் அக்காடியைத் தாண்டமாட்டாமல் அங்கேயே சொட்டி விழும். காடி இல்லையேல் அடிப்புறமாகவே ஊர்ந்து சுவருக்கு வந்துவிடும். பூச்சு ஈரமாயிருக்கும்போது ஒரு கம்பியை வைத்து இழுத்தால் ஒரு நாழிகையில் முடியும் வேலை இது. இதற்குச் செலவு இல்லை; ஆதலால் இதனை நினைப்பாரும் இல்லை. குளியலறைத் தளத்தில் ஓடு பதிக்குமுன் வாயிலை அடைத்து, இரண்டு நாள் நீர் தேக்கிவைத்துக் கீழே கசிகின்றதா என்று பார்த்தல் வேண்டும். கதவு மழைக்காலத்தில் உப்பும். எங்கள் தந்தையார் கார்த்திகையிற் கதவு இறுகுகிறதென்று தச்சரை அழைத்து இழைப்புளி பிடிப்பித்தார். பங்குனியில் அக்கதவுக்கும் நிலைக்கும் இடையே என் சுண்டுவிரல் நுழைந்தது. இன்றும் அவ்விடைவெளி வழியே பல்லி வந்துபோகின்றது.

பாட்டியார் வீட்டு மேல்தளம் மெட்ராஸ் டெரஸ் என வழங்குவது. தேக்குச் சட்டங்களின்மேல் சிறு செங்கற்களைக் குத்தாகச் சாய்வரிசையில் அடுக்கிச் சுண்ணாம்பிட்டு, அதன்மேல் செங்கல் ஜல்லிச் சுண்ணாம்புக் கலவையைப் பரப்பிச் சித்தாட்கள் வரிசையாய் அமர்ந்து மரக்கட்டையால் நாட்கணக்கில் தட்டுவார்களாம். இடையிடையே கடுக்காய் வெல்லநீரைத் தெளிப்பர். கட்டை துள்ளி எழும்வரை தட்டவேண்டுமென்பது கணக்கு. அவர்கள் பாடிய பாட்டு தெருமுனைவரை கேட்குமென்று பாட்டியார் கூறுவார். தாழ்வாரத்துக் கூரை மங்களூர் ஓடு. அவ்வோட்டுத் தொழிலை 1865-ல் மங்களூரில் தொடங்கியவர் பாசல் மிஷனார் என்பது மிஷன் கல்லூரி மாணவராகிய நமக்கு இனியதொரு செய்தி.

சென்ற கோடையில் எங்கள் சுவரைத் திருத்தும் வேலை நடந்தது. கொத்தனாரை மறுபடி அழைக்கத் தந்தையார் கூசினார். யானே சிதம்பரம் சென்று அழைத்துவந்தேன். அவர் பழைய பேச்சை எடுக்கவேயில்லை. வண்ணத்தையும் பட்டியையும் சுரண்டி எடுக்கச் செய்தார். தம்பிமார் நீரூற்றிக் கழுவ முற்பட்டபோது, “தண்ணீரைக் காட்டாதே, தம்பி. உப்பு மறுபடி உள்ளே ஓடிவிடும்” என்று தடுத்து, உலர்ந்த துடைப்பத்தால் மட்டும் உப்பைத் துடைக்கச் சொன்னார். சித்திரை முழுதும் சுவர் உப்பை வெளியே தள்ளிக்கொண்டேயிருந்தது. நாங்களும் காலைதோறும் துடைத்துக்கொண்டேயிருந்தோம். வைகாசிக் கடைசியிற் பூப்பது நின்றது. ஆனியில் சுண்ணாம்பை நீற்றி, வடிகட்டிச் சிறிது நீலமும் கஞ்சியும் சேர்த்து மும்முறை வெள்ளையடித்தோம். முன்பிருந்த பளபளப்பு இல்லை. கையை வைத்தால் சிறிது வெள்ளை ஒட்டுகின்றது. தமக்கையார் ஆடிக்கு வந்திருந்தபோது, ‘பழைய வீடு போலாகிவிட்டதே’ என்று கூறினார்.

உப்பனாற்றுப் பக்கத்துச் சிறிய அறை ஒன்று மட்டும் இன்னும் வெறும் பூச்சோடு நிற்கின்றது. அதற்கு எப்போது வெள்ளையடிக்கலாமென்று அறியக் கொத்தனார் ஒரு சோதனை கற்பித்துச் சென்றார்: முழச் சதுரமான நெகிழித் தாள் ஒன்றைச் சுவரில் வைத்து, நான்கு ஓரமும் காற்றுப் புகாதபடி ஒட்டி, ஒருநாள் கழித்துப் பிரித்துப் பார்க்கவேண்டும், தாளின் உட்புறம் வியர்த்திருந்தால் சுவர் இன்னும் உலரவில்லை. பொங்கல் விடுமுறைக்கு ஊர் சென்றிருந்தபோது யானும் தந்தையாரும் அதனை ஒட்டினோம். மறுநாட் காலையில் அவரே பிரித்தார். உட்புறத்தில் ஊசிமுனை போன்ற துளிகள் சில இருந்தன. அவற்றை எனக்குக் காட்டி, தாளை மடித்துப் பரண்மேல் வைத்துவிட்டு, “வைகாசியில் பார்க்கலாம்” என்றார்.